தகுதிச் சுற்று நடத்தப் போகிறீர்களா? முதலில் விதித்தாள்

பெங்களூரில் அல்சூர், ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பக்கம் பந்து உதைக்கிற பையன்களுக்குப் பஞ்சமில்லை. கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே உண்டு. வெளிநாட்டில் நடக்கும் இளையோர் போட்டிக்கு இங்கிருந்து ஒரு அணியை மட்டும் அனுப்பலாம் என்று வரும்போதுதான் தகுதிச் சுற்று, கூடவே தகராறு. பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம், சமப்புள்ளி வந்தால் யார் மேலே என்பதை யாரும் முன்கூட்டி எழுதி வைக்காததுதான். ஆகவே கிரவுண்ட் புக் பண்ணுவதற்கு முன் விதித்தாளை எழுதி, எல்லா அணி மேலாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒரு பிரிவில் நான்கு அணிகள் இருப்பது உத்தமம். ஆளுக்கு மூன்று ஆட்டம், மொத்தம் ஆறு. ஐந்து அணி என்றால் பத்து ஆட்டம், ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி சும்மா உட்காரும். கடைசிச் சுற்றில் உட்காரும் அணிக்குத்தான் வில்லங்கம். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1-0 என்று மேற்கு ஜெர்மனி ஜெயித்தால் அல்ஜீரியா வெளியே, இருவருக்கும் அடுத்த சுற்று என்பது தெரிந்தே பந்தை உருட்டிக்கொண்டிருந்தன. பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் அதற்குப் பின் வந்தது. நீங்களும் கடைசி நாளுக்கு மட்டும் இரண்டு மைதானம் பிடித்து, இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே நேரத்தில் விசில் ஊதச் சொல்லுங்கள்.

இனி சமப்புள்ளி. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம்.

அல்சூர் 1 – ஆஸ்டின் டவுன் 0
ஆஸ்டின் டவுன் 3 – விவேக் நகர் 1
விவேக் நகர் 2 – அல்சூர் 1

நான்காவது அணியான ஸ்ரீராமபுரத்தை அல்சூர் 6-0, விவேக் நகர் 2-0, ஆஸ்டின் டவுன் 1-0 என்று ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஆறாறு புள்ளி. மொத்த கோல் வித்தியாசம் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது) பார்த்தால் அல்சூர் +6, ஆஸ்டின் டவுன் +2, விவேக் நகர் +1, அல்சூர் முதலிடம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வழியில் போனால், சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் முதலில் எடுக்க வேண்டும். ஸ்ரீராமபுரத்தோடு ஆடியதை விட்டுவிட்டால் மூவருக்கும் மூன்று புள்ளி; கோல் வித்தியாசம் ஆஸ்டின் டவுன் +1, அல்சூர் 0, விவேக் நகர் –1. இப்போது ஆஸ்டின் டவுன் முதலிடம். அதே ஆட்டங்கள், வேறு ஜெயிப்பாளி.

சிறுவர் போட்டிக்கு இரண்டாவது வழியே மேல். மொத்த கோல் வித்தியாசம் முதலில் என்றால், பலவீனமான அணியை எட்டு, பத்து என்று போட்டு அடிக்கத்தான் பயிற்சியாளர்கள் சொல்லித்தருவார்கள். நேருக்கு நேர் கணக்கிலும் பிரியாவிட்டால் மொத்த கோல் வித்தியாசம், பிறகு மொத்த கோல்கள், பிறகு கார்டு கணக்கு (மஞ்சள் 1, சிவப்பு 3; குறைந்தவர் மேலே), கடைசியில் குலுக்கல். 2019-இல் தாஷ்கண்டில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியத் தகுதிச் சுற்றில் இந்தியாவும் உஸ்பெகிஸ்தானும் 1-1 என்று டிரா செய்தன. நேருக்கு நேரில் பிரிக்க ஒன்றுமில்லாமல், மொத்த கோல் வித்தியாசத்தில் இந்தியா முதலிடம் பிடித்தது.

பல பிரிவுகளிலிருந்து ‘சிறந்த இரண்டாமிடம்’ எடுப்பதாக இருந்தால், ஐந்து அணிப் பிரிவில் கடைசி அணியோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் நான்கு அணிப் பிரிவுக்காரர்கள் ஒரு ஆட்டம் குறைவாக ஆடி ஏமாந்து போவார்கள்.

புதுமையாக விதி எழுதும் ஆசை வேண்டாம். 1994 கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் கூடுதல் நேரத்து கோல் இரண்டாகக் கணக்காகும் என்று யாரோ எழுதிவைத்தார்கள். கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டிய பார்படோஸ், 2-1 என்று நிற்கும்போது கூடுதல் நேரத்துக்குப் போவதற்காக வேண்டுமென்றே சேம்சைடு கோல் போட்டுச் சமன் செய்தது. மிச்ச நிமிடங்களில், ஒரு கோலில் தோற்றாலும் போதும் என்றிருந்த கிரெனடா எந்தப் பக்கத்து கோலிலும் போட முயல, பார்படோஸ் இரண்டு பக்கமும் காவல் நின்று, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் அடித்து 4-2 என்று தகுதி பெற்றது. விதிப்படி அதில் தப்பே இல்லை!

வயது விஷயத்தில் ஆதாரை மட்டும் நம்பாதீர்கள். அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது. பிறப்புச் சான்றிதழை வாங்கி, பிறந்த தேதியோடு பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறந்து பத்து வருடம் கழித்துப் பதிவாகியிருந்தால் முதல் பள்ளிச் சேர்க்கைப் பதிவையும் கேளுங்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்க்கிறது. அதுவும் மதிப்பீடுதான் என்பதால், சந்தேகம் வந்தவருக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு செய்தால் போதும்.

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் சாயங்காலம் இடி மின்னலோடு மழை வரும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். செயற்கை டர்ஃப் அதற்கு மேல் காலைச் சுடும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 வினாடிக்குள் வந்தால் எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மறுபடி ஆட்டம். நின்றுபோன ஆட்டம் விட்ட நிமிடத்திலிருந்து தொடருமா, புதிதாக ஆடுவதா என்பதும் தாளில் இருக்க வேண்டும். வராத அணிக்கு எதிராக 3-0. நடுவில் விலகிய அணியின் எல்லா முடிவுகளும் ரத்து. இல்லாவிட்டால் அதனோடு முன்பே ஆடியவருக்கு ஒரு கணக்கு, ஆடாதவருக்கு ஒரு கணக்கு என்றாகிவிடும்.

பாஸ்போர்ட்டைக் கடைசிக்கு வைப்பதுதான் நம்மவர் வழக்கம். பள்ளிப் பதிவில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது, ‘செல்வம்’ என்று விரித்துத்தான் வரும். வீரர் பட்டியலை முதல் நாளே பாஸ்போர்ட் பெயரில் எழுதி வாங்கினால் விசா நேரத்தில் அலைச்சல் மிச்சம். ஸ்வீடனில் ஜூலையில் நடக்கும் கோத்தியா கோப்பை போன்ற ஒன்றுக்கு என்றால், ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஊர் திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். தகுதிச் சுற்றை ஜனவரிக்குள் முடித்துவிட்டு, இரண்டாமிடம் வந்த அணியையும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.