பழைய ஜீப் பாடி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் பழைய ஜீப்புக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத்தில் ஓடியவை, ராதாபுரம் பக்கம் காற்றாலை வேலைக்கு ஓடியவை, தோட்டத்து ஷெட்டில் தென்னை மட்டைக்குக் கீழே கிடப்பவை என்று மஹிந்திராவின் சிஜே-3பி, எம்எம்540 எல்லாம் இன்னும் விலைக்கு வருகின்றன. வாங்குகிற பையன்களுக்கு ஆர்வம் நிறையவே இருக்கிறது. ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். துருவின் மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் நான் போகவில்லை.

தாங்கல் கொடுக்காமல் தரையை வெட்டுவது

ஜீப் பாடி என்பது மேலே திறந்த பெட்டி. காரில் இருப்பதுபோல் கூரையும் தூணும் சேர்த்துப் பிடிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கத் தகடுகளும் விரியாமல் நிற்பதே தரைத் தகட்டாலும், அதன் அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவச் சட்டங்களாலும்தான். அந்தச் சட்டங்களுக்குள் சேறு போய் அடைத்துக்கொண்டால் ஈரம் காயவே காயாது. துரு உள்ளேயிருந்து தின்னும். மேலே பார்க்கத் தகடு நன்றாகத்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகும். அதனால் பெரும்பாலான வண்டிகளில் தரையை மாற்றியே ஆக வேண்டும். எப்படி வெட்டுகிறோம் என்பதில்தான் காசு போகிறது.

திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு தம்பி எம்எம்540 பாடியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாடியைச் சேசிஸிலிருந்து, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து இறக்கி, இரண்டு மரக்கட்டை மேல் வைத்து, தரை முழுவதையும் ஒரே மூச்சில் கிரைண்டரால் வெட்டி எடுத்திருக்கிறார். அப்புறம் 18 கேஜ் தகட்டில் புதுத் தரை போட்டு, சுற்றிலும் வெல்டும் ஓட்டியாகிவிட்டது. வெல்டிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். ஆனால் சேசிஸ் மேல் தூக்கி வைத்தால் போல்ட் ஓட்டைகள் ஒரு விரற்கடை தள்ளி நிற்கின்றன. கண்ணாடி பிரேமின் ஒரு கீல் உட்கார்ந்தால் மற்றது உட்காரவில்லை. பின்கதவு மேலே இடைவெளி விடுகிறது, கீழே உரசுகிறது.

"அண்ணாச்சி, போல்ட்டு போட்டு முறுக்குனா உக்காந்துரும்லா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை, அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். முறுக்கினால் உட்காரத்தான் செய்யும். ஆனால் பாடி எந்நேரமும் இழுவையிலேயே நிற்கும். ஏணி மாதிரியான ஜீப் சேசிஸ் மேடு பள்ளத்தில் முறுக்கிக் கொடுக்கும். அதைத் தாங்கத்தான் நடுவில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். இழுத்துக் கட்டிய பாடியை மலை ரோட்டில் ஏற்றி இறக்கினால் வெல்டிங் ஓரத்தில் தகடு கீறும். கீறலில் பெயின்ட் விரியும், தண்ணீர் இறங்கும், மறுபடியும் துரு. கடைசியில் அந்தப் புதுத் தரையை ஒரு பக்கம் முழுக்க வெட்டித்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. தகட்டுக்கும் கூலிக்கும் இரண்டு தடவை செலவு.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்துப் பார்ப்பதுபோல மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். சேசிஸ் கோணலாக இருந்தால் பாடியைத் தொடவே தொடாதீர்கள். சரியாக இருந்தால், புது ரப்பர் போட்டுப் பாடியை அதன் மேலேயே போல்ட் செய்யுங்கள். பிறகு ஒரு இஞ்ச் சதுர பைப்பையோ ஆங்கிளையோ எடுத்து, கதவு வாசல் இரண்டிலும் முன் தகட்டிலிருந்து பின்சக்கர வளைவு வரை ஒன்று, இடமிருந்து வலமாகக் குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் ஒன்று என்று தாங்கலாகப் புள்ளி வெல்டு வையுங்கள். கதவு வாசல் அகலம், பின்கதவு அகலம், மூலைவாட்டு அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். சாக்பீஸில் எழுதினால் கிரைண்டர் தூசியில் அழிந்துபோகும்.

வெட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, அதை முடித்த பிறகே மறுபக்கம் போங்கள். புதுத் தகட்டில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வையுங்கள். 18 கேஜ் தகடு 1.2 மில்லிமீட்டர்தான், ஒரே கோட்டில் ஓட்டினால் சூட்டில் இழுத்துக்கொண்டு அலையடிக்கும். எல்லாம் ஆறிய பிறகு அளவை மறுபடி பாருங்கள். கண்ணாடி பிரேம், பானெட், மட்கார்டு, பின்கதவு அத்தனையும் மாட்டிப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் தாங்கலை எடுக்க வேண்டும். பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமரும் அதற்கு அப்புறம்தான்.

வெட்டிய தகட்டைப் பழைய இரும்புக்குப் போடுவது

வேலை முடிகிற வரை வைத்திருங்கள். மடிப்பும் ஓட்டையும் எங்கே இருந்தன என்பதற்கு அதுதான் அச்சு.

உப்பைக் கழுவாமல் பிரைமர்

உவரி, கூடங்குளம் பக்கம் கிடந்த வண்டியில் துருவைத் தேய்த்தெடுத்தாலும் உப்பு தகட்டின் குழிகளில் தங்கிவிடும். அதன் மேல் எவ்வளவு நல்ல எபாக்ஸி பிரைமர் அடித்தாலும் பின்னால் கொப்புளம் கிளம்பும். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே ஏர் அடித்துக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். அந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் கழுவாமல் விட்டதற்குச் சமம். குடிதண்ணீரை எடுங்கள்.

பருவம் பார்க்காத பெயின்ட்

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஈரக்காற்றில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெளுத்துப்போகும். ஆடிக் காற்றில் திறந்த ஷெட்டில் அடித்தால் செம்மண் புழுதி முழுக்க உங்கள் வண்டியில்தான். தென்காசிப் பக்கம் என்றால் ஆடியில் சாரலும் சேர்ந்துகொள்ளும். மாசி, பங்குனி நல்லது.

பேட்டரி

வெல்டிங்குக்கு முன் வயரைக் கழற்றுங்கள். டேங்கை இறக்கி, ஷெட்டுக்கு வெளியே வையுங்கள்.

சேசிஸ் நம்பர்

கிரைண்டர் அதன் பக்கமே போகக்கூடாது. கலர் மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.

வடிகால் ஓட்டை

பழைய தரையில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருப்பார்கள். புதுத் தகடு போடுகிறவர்கள் அதை மறந்து முழுசாக மூடிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் பள்ளமான இடம் பார்த்து, பிரைமர் அடிப்பதற்கு முன்பே ஓட்டை போட்டு, அதன் ஓரத்துக்கும் பிரைமர் கொடுத்து, ரப்பர் மூடி மாட்டுங்கள்.