பந்தோல் ஒயினுக்கு எந்தச் சாப்பாடு?

பிரான்சின் தென்கரையில், துலோன் நகரத்துக்குப் பக்கத்தில் விளைகிற சிவப்பு ஒயின் பந்தோல். இதில் குறைந்தது பாதியாவது மூர்வேத்ர் திராட்சை இருக்க வேண்டும், மரப்பீப்பாயில் 18 மாதம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். தடித்த தோல் திராட்சை என்பதால் இளம் ஒயினில் துவர்ப்பு தூக்கலாகவே இருக்கும். கட்டாங்காப்பி போல நாக்கைப் பிடிக்கும்.

அந்தத் துவர்ப்பை அடக்க கொழுப்பு வேண்டும். ரோஸ்மேரி போட்டுச் சுட்ட ஆட்டுத்தொடை நல்ல ஜோடி. என்னைக் கேட்டால் அதைவிட 'தோப்' மேல். மாட்டிறைச்சியை ஒயினில் ஊறவைத்து, ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு போட்டு, சிறுதீயில் மூன்று நான்கு மணி நேரம் வேகவிடுகிற, ப்ரோவான்ஸ் என்கிற அந்தத் தென்கரைப் பகுதியின் குழம்பு அது. கரண்டி பட்டாலே கறி நார் நாராகப் பிரியும். இறைச்சி வேண்டாதவர்களுக்கு ஆலிவ் எண்ணெயில் சுட்ட கத்தரிக்காய், கறுப்பு ஆலிவ் துவையல்.

மீனோடு மட்டும் வேண்டாம், வாயில் இரும்புச் சுவை தட்டும். மீனுக்கு அதே ஊரின் இளஞ்சிவப்பு ஒயின், 'ரோஸே', இருக்கிறதே!

இளம் பாட்டிலானால் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே காற்றுப் படும்படி அகல வாய்க் கூஜாவில் ஊற்றிவையுங்கள். மூடியை மட்டும் திறந்து வைத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. 17 டிகிரி சூடு போதும்; வெயில் காலமானால் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம்.