நீர் விட்ட வஸாங்கியைச் சரிசெய்த விதம்

வஸாங்கி போலந்தின் வீட்டுச் சாப்பாடு: சதுரப் பாஸ்தா, முட்டைகோஸ், வெங்காயம், புகையிட்ட சாசேஜ். அதை ஓவனில் வேகவைத்துப் பார்த்தேன். முதல் தடவை தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி, பாஸ்தா குழைந்துவிட்டது. காரணம், நான் போட்ட உப்பில் புளிக்கவைத்த கோஸின் சாறு.

அடுத்த முறை அரை கிலோ கோஸைக் கையால் ஒட்டப் பிழிந்து, பொடியாக நறுக்கி, வெண்ணெயில் வெங்காயத்தோடு ஈரம் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்கினேன். 20 நிமிடம் ஆனது. இந்த இடத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது, மணமே இங்கேதான் வருகிறது. சாசேஜைத் தனியாக வறுத்தேன். பாஸ்தாவை முழுதாக வேகுவதற்கு 3 நிமிடம் முன்பே வடித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் கலந்து, சீஸ் தூவி, மூடாமல் 200 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

மிளகைத் தாராளமாகப் போடுங்கள். உப்பு மட்டும் ருசி பார்த்த பிறகு. கோஸிலேயே நிறைய இருக்கும்.