அணுக் கதிரியக்கத் தூசு: வீட்டு மறைவிடத்தில் செய்யக்கூடாத தவறுகள்

அணுகுண்டு வெடித்த இடத்துக்குத் தள்ளி இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து, பிறகு வானிலிருந்து இறங்கும் கதிரியக்கத் தூசுதான். இதற்குத் தயாராகும் பலர் ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் கூரையிலும் தரையிலும் படிந்த தூசிலிருந்து கிளம்பும் காமா கதிர் சுவரையே ஊடுருவி வரும். அதைத் தடுப்பது கனம். சுமார் 6 செ.மீ. கான்கிரீட்டோ 9 செ.மீ. மண்ணோ கதிரைப் பாதியாக்கும். அதே கனம் இன்னொரு முறை சேர்ந்தால் மீதியும் பாதியாகும். நிலவறை இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் வெளிச்சுவருக்கும் கூரைக்கும் தள்ளிய நடு அறை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டவே வேண்டாம். அடுக்குமாடி என்றால் நடுத்தளங்கள் நல்லவை.

அறையைக் காற்றே புகாமல் மூடுவதும் தவறுதான். பல பேர் அடைந்திருக்கும் இடத்தில் மூச்சு முட்டும். வெளிக்காற்றை இழுக்கும் ஏசியையும் ஃபேனையும் நிறுத்தினால் போதும். உள்ளே அடுப்பு எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

எல்லாவற்றையும்விட உயிரைப் பறிக்கும் தவறு, அவசரப்பட்டு வெளியே போவது. வெடித்து 1 மணி நேரம் கழித்து இருக்கும் கதிர்வீச்சு, 7 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகவும், 49 மணி நேரத்தில் நூறில் ஒன்றாகவும் குறைந்துவிடும். அதனால் முதல் நாள் வெளியே வரவே கூடாது; அப்புறமும் அதிகாரிகள் சொல்லும்வரை பொறுங்கள். பள்ளியில் இருக்கும் பிள்ளையை அழைத்துவர மனம் துடிக்கும், எனக்கும் துடிக்கும். ஆனால் பிள்ளையும் அங்கே ஒரு கட்டிடத்துக்குள் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. இதைக் குடும்பத்தோடு இப்போதே பேசி வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் தண்ணீரை மூடி வைத்திருந்தால் வெளியே போகும் தேவையும் குறையும்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும்தான் அது காக்கும்.

1954 மார்ச்சில் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைக்குப் பின், மக்கள் வாழ்ந்த ரோங்கெலாப் தீவில் வெண்பொடியாகத் தூசு விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அப்படி எதையும் தொடாதீர்கள். யாராவது வெளியிலிருந்து வந்தால் வாசலிலேயே மேல் உடையைக் கழற்றச் செய்து, பையில் கட்டித் தள்ளி வையுங்கள். ஒட்டிய தூசில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிறகு சோப்பும் ஷாம்பூவும் போட்டுக் குளிக்கட்டும். கண்டிஷனர் மட்டும் கூடாது, அது தூசை முடியோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.