சர்வர் அறையே போன பிறகு கையில் என்ன இருக்கும்? பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வழி

பேக்கப் மென்பொருள் விற்க வருபவர்கள் காட்டும் டெமோவில் எப்போதும் பேக்கப் எடுப்பதுதான் ஓடும். பச்சை டிக் விழும், இத்தனை மடங்கு இடம் மிச்சம் என்பார்கள், இத்தனை நிமிடத்தில் முடிந்தது என்பார்கள். அந்த வேலையை இன்று எல்லா மென்பொருளும் ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது. தராதரம் தெரிவது ரெஸ்டோரில்தான், அதாவது பிரதியிலிருந்து தரவைத் திரும்ப எடுப்பதில். ஆகவே எந்த மென்பொருளானாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: சர்வர் அறையில் இருந்த எல்லாமே போய்விட்டது, பேக்கப் சர்வரும் சேர்த்து. வெளியூரில் வைத்த ஒரு பிரதி மட்டும் மிச்சம். புதிதாக வாங்கிய மெஷினில் அதைத் திறக்க வேறு என்னென்ன வேண்டும்?

மென்பொருளுக்கு மென்பொருள் பதில் மாறும். கீழே வருவதெல்லாம் அந்தப் பதில்களை வைத்துத்தான்.

கணக்கை முதலில் போடுங்கள்

முப்பது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹோஸ்ட் (நிஜ சர்வர்), அவற்றுக்குள் மென்பொருளாக ஓடும் பத்து விர்ச்சுவல் மெஷின் (வி.எம்.), மொத்தம் 2 டெராபைட். எத்தனை மணி நேரத் தரவு போனால் தாங்கலாம், எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கலாம் என்ற இரண்டு எண்களையும் கணக்குப் பிரிவிடமும் விற்பனைப் பிரிவிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐ.டி. ஆட்களே சொல்லிக்கொண்டால் அது ஆசையாகத்தான் இருக்கும்.

பிறகு கம்பியைப் பாருங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் வந்தாலே நல்ல வேகம். 2 டெராபைட் வந்துசேர 5 மணி நேரம் ஆகும். பிரதி கிளவுடில் மட்டும் இருந்து, அலுவலக இணையம் 100 எம்.பி.பி.எஸ். என்றால் இரண்டு நாளைத் தாண்டிவிடும். விளம்பரத் தாளில் "15 நிமிடத்தில் மீட்பு" என்று போட்டிருந்தாலும் கம்பி இவ்வளவுதான் கடத்தும். அதனால் ஒரு பிரதி உள்ளூரில் இருந்தே ஆக வேண்டும், இன்னொன்று வேறு கட்டடத்தில். ஒரே வளாகத்தின் அடுத்த கட்டடம் போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் சர்வர் வாடகை நிறுவனமான ஓ.வி.எச்.சின் தரவு மையம் எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்

ப்ராக்ஸ்மாக்ஸ் ஹைப்பர்வைசர் (வி.எம்.களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் இடத்தில் வேறு எதையும் தேட வேண்டாம். இலவசம், பணம் கட்டினால் சோதித்த அப்டேட்டும் ஆதரவும் கிடைக்கும். வி.எம். டிஸ்கை 4 மெபிபைட் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரி துண்டை ஒருமுறைதான் சேமிக்கும். நம் 2 டெராபைட் ஏறக்குறைய 4.8 லட்சம் துண்டுகளாகும். தினசரி பேக்கப் மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். லைவ் ரெஸ்டோர் போட்டால் தரவு பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே வி.எம். எழுந்துவிடும். ஆனால் நடுவில் நெட்வொர்க் அறுந்தால் வி.எம். விழும், அதுவரை அதில் புதிதாக எழுதியதும் போய்விடும். நன்றாக ஓடும் உள்ளூர் நெட்வொர்க்கில் மட்டும் அதைத் தொடுங்கள்.

குறைகள் டிஸ்கில் தொடங்குகின்றன. சாதாரண ஹார்டு டிஸ்கில் வைத்தால் பேக்கப் தாங்கும். பயன்படாத துண்டுகளை அழிக்கும் குப்பை அகற்றும் வேலையும் சரிபார்க்கும் வேலையும் ரெஸ்டோரும் நொண்டும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளை டிஸ்கின் முள் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருப்பதே காரணம். எஸ்.எஸ்.டி. போடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பல டிஸ்கை ஒரே பூலாகச் சேர்க்கும் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறையை அமைத்து, எது எங்கே இருக்கிறது என்ற மெட்டாடேட்டாவுக்கு மட்டும் இரண்டு எஸ்.எஸ்.டி.யை மிரராக (ஒன்றின் நகல் மற்றொன்றில்) சேருங்கள். ஒற்றை எஸ்.எஸ்.டி. வேண்டாம், அது போனால் மொத்த பூலும் போகும்.

பழைய பேக்கப்பை அழித்தும் இடம் காலியாகவில்லையே என்று பதறுபவர்கள் அதிகம். குப்பை அகற்றும் வேலை, 24 மணி 5 நிமிடத்துக்குள் தொடப்பட்ட துண்டுகளைத் தொடாது. எனவே இன்று அழித்தது நாளைக்குத்தான் இடமாகத் திரும்பும். டிஸ்க் முட்ட நிறைந்துவிட்டால் அந்த வேலையே ஓடாமல் நிற்கும் என்பதால் 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை வையுங்கள். இன்னொன்று: வி.எம்.மை முழுதாக நிறுத்தி மறுபடி ஏற்றினால் எந்தத் துண்டு மாறியது என்ற குறிப்பு அழிந்துவிடும், அடுத்த பேக்கப் டிஸ்க் முழுவதையும் படிக்கும். நேரம் கூடும், அனுப்பும் அளவு கூடாது. பழுது என்று நினைத்து நோண்ட வேண்டாம்.

இப்போது நம் கேள்வி. என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) போட்டிருந்தால் அதன் சாவி ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டிலேயே இருக்கும். ஹோஸ்ட் எரிந்தால் சாவியும் எரியும். வெளியூர்ப் பிரதி பத்திரமாக இருக்கும், ஆனால் யாராலும் திறக்க முடியாது. இதற்காகவே சாவியைக் காகிதத்தில் அச்சிடும் வசதி அதில் இருக்கிறது, எழுத்தாகவும் க்யூ.ஆர். கட்டமாகவும் வரும். இரண்டு தாள் எடுத்து ஒன்றை முதலாளி வீட்டுப் பீரோவிலும் மற்றதை வங்கி லாக்கரிலும் வையுங்கள். லேசர் பிரிண்டரில் எடுங்கள், இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையும். அச்சிட்ட அன்றே அந்தத் தாளிலிருந்து சாவியைத் திரும்ப ஏற்றி, ஒரு சின்ன வி.எம்.மை மீட்டுப் பாருங்கள்.

பேக்கப் சர்வரை அதே ஹோஸ்டில் ஒரு வி.எம்.மாக வைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. பழகிப் பார்க்க வேண்டுமானால் சரி.

வீம்

விஎம்வேர், ஹைப்பர்-வி ஹைப்பர்வைசர்கள் இருக்கும் அலுவலகங்களில் இதற்கு நிகர் குறைவு. பேக்கப் கோப்பிலிருந்தே வி.எம்.மை உடனடியாக ஓட்டும், எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸிலிருந்து ஒற்றை டேபிளையும் அலுவலகப் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து ஒரே ஒரு பயனரையும் தனியாக எடுத்துத் தரும். சமுதாயப் பதிப்பு 10 மெஷின் வரை இலவசம். நம் அலுவலகத்துக்குச் சரியாக அளவெடுத்தது போல இருக்கிறது, பதினொன்றாவது வரும் வரை.

பலவீனம் அதன் செல்வாக்கிலேயே இருக்கிறது. தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் தேடுவது வீம் சர்வரை. 2024 செப்டம்பரில் திருத்தம் வெளியான ஓர் ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் அந்தச் சர்வரில் கட்டளை ஓட்ட இடம் கொடுத்தது. அகிரா, ஃபாக் ரான்சம்வேர் தாக்குதல்களில் அது பயன்பட்டது. வீம் சர்வரை அலுவலக டொமைனில் (எல்லா மெஷினுக்கும் பொதுவான லாகின் அமைப்பு) சேர்க்காதீர்கள், டொமைன் அட்மின் பாஸ்வேர்டு திருடுபோனால் பேக்கப்பும் சேர்ந்து போகாமல் இருக்கட்டும். பிரதியை லினக்ஸ் ஹார்டன்ட் ரெப்பாசிட்டரியில் (பிரதிகளை அழிக்கவிடாமல் வைத்திருக்கும் தனி மெஷின்) வைத்து 14 நாளாவது அழிக்க முடியாதபடி பூட்டுங்கள். தூரத்திலிருந்தே அந்த மெஷினை இயக்க உதவும் ரிமோட் மேனேஜ்மெண்ட் போர்ட்டை மறந்துவிடக் கூடாது. கோப்பைத்தான் பூட்டியிருக்கிறோம், அந்தப் போர்ட் வழியாக வந்தவன் டிஸ்குகளை ஒன்றாகக் கட்டியிருக்கும் ரெய்டையே கலைத்துவிட்டுப் போவான். அந்தக் கேபிளைப் பிடுங்கியே வைக்கலாம்.

வீமின் சொந்த அமைப்புகளின் பேக்கப், மாற்றாவிட்டால் வீம் சர்வரிலேயே விழும். வேறு மெஷினுக்கு மாற்றி, என்க்ரிப்ஷன் போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் மேலே சொன்ன தாளில் சேருங்கள்.

ரெஸ்டிக், பேரியோஸ்

வெளியே வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர்களுக்கு ரெஸ்டிக் போதும். ஒற்றைக் கோப்பு மென்பொருள், என்க்ரிப்ஷன் கட்டாயம், அமேசானின் எஸ்3 வகைக் கிளவுடுச் சேமிப்பு எதிலும் எழுதும். பாஸ்வேர்டு தொலைந்தால் கதை முடிந்தது. இயங்குதளத்தைத் தானே எழுப்பாது. முதலில் லினக்ஸ் நிறுவி, பிறகு கோப்புகளைக் கொண்டுவர வேண்டும், ஆகவே நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலையும் தினம் சேர்த்து எடுங்கள். அதன் "செக்" கட்டளை சாதாரணமாக ஓட்டினால் அமைப்பை மட்டுமே பார்க்கும், தரவைப் படிக்காது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தரவைப் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கிளவுடுச் சாவி அதே சர்வரில் கிடப்பதால், நுழைந்தவன் பிரதியையும் அழிக்க முடியும். சேர்க்க மட்டும் அனுமதிக்கும் ரெஸ்ட்-சர்வர் வழியாக எழுதுவது நல்லது. கிளவுடில் தரவு விழும் பக்கெட்டில், குறித்த தேதிவரை அழிக்கவிடாத ஆப்ஜெக்ட் லாக்கும் உதவும். அதில் கவர்னன்ஸ் வகையை அனுமதி உள்ளவர் தளர்த்திவிடலாம், கம்ப்ளையன்ஸ் வகையைக் கணக்கு உரிமையாளரும் தேதி முடியும்வரை தளர்த்த முடியாது. நாள் கணக்கைத் தப்பாகப் போட்டால் அத்தனை நாளும் வாடகை கட்ட வேண்டும்.

டேப்பில் (காந்த நாடா) பேக்கப் வைத்திருப்பவர்களுக்குப் பேரியோஸ், அதன் மூலமான பாகுலா. எந்தக் கோப்பு எந்த டேப்பில் இருக்கிறது என்ற விவரம் கேட்டலாக் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. அது போனால் டேப்பை ஒவ்வொன்றாகப் படித்துத் திரும்பக் கட்ட வேண்டும். கேட்டலாக்கையும், எந்த டேப்பிலிருந்து எதை மீட்பது என்று குறிக்கும் பூட்ஸ்ட்ராப் கோப்புகளையும் தினமும் வெளியே அனுப்புங்கள்.

ரெப்ளிகேஷனை எங்கே வைப்பது

ஜெர்ட்டோ, அஷூர் சைட் ரெக்கவரி போன்ற ரெப்ளிகேஷன் மென்பொருள்கள் தரவைத் தொடர்ந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுத்து, ஒரு பட்டனில் அங்கே வேலையைத் தொடங்கிவிடும். மின்சாரம் போனால், வெள்ளம் வந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். முந்தைய நிலைக்குத் திரும்ப இவை வைத்திருக்கும் காலம் குறைவு. மாதக்கணக்கில் பதுங்கியிருந்த கோளாறுக்கு உதவாது. பேக்கப்புக்கு மேலே இதை வையுங்கள், பேக்கப்புக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்லேபில் நடந்தது இதற்குச் சரியான பாடம். ரெப்ளிகேஷனைச் சரிசெய்யப் போன பொறியாளர் தவறான சர்வரில், முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்துவிட்டார். தினசரி டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கோப்பாக எழுதுவது) எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6; அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் டிஜிட்டல் கையொப்பச் சிக்கலால் திருப்பி அனுப்பப்பட்டன. போய்ப் பார்த்தால் எஸ்3 பக்கெட் காலி. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்தின் டிஸ்க் நிலை) காப்பாற்றியது.

இதே விபத்தின் சின்ன உருவம் பல சர்வர்களில் தினமும் நடக்கிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டம்பை, சுருக்கும் கட்டளையான ஜிஜிப்புக்கு நேராகக் கொடுக்கும் (பைப் செய்யும்) ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு மாறிவிட்டால் டம்ப் தோற்கும், ஜிஜிப் மட்டும் வெற்றிகரமாக ஒன்றுமில்லாததைச் சுருக்கி வைக்கும். பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவே கணக்கு என்பதால் பச்சை டிக் விழும். கோப்பின் அளவைப் பாருங்கள்: சரியாக 20 பைட். ஸ்கிரிப்டின் தலையில், நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்றே சொல்லும் "பைப்ஃபெயில்" அமைப்பைப் போடுங்கள். டம்பின் கடைசி வரியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" இருக்கிறதா என்று பாருங்கள். நேற்றைய அளவைவிடப் பாதிக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கட்டும்.

வி.எம். அளவில் எடுக்கும்போது டிஸ்கில் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திச் சீராக்கித் தரும் துணை நிரல் (லினக்ஸில் கெஸ்ட் ஏஜெண்ட், விண்டோஸில் வி.எஸ்.எஸ்.) ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிடைப்பது கரண்ட் திடீரென்று போன மெஷினின் டிஸ்க். பெரும்பாலும் எழுந்துவிடும். பெரும்பாலும்.

ஒத்திகை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெளியூர்ப் பிரதியிலிருந்து. முதலில் வெளி இணைப்பே இல்லாத ஒரு பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க்) உருவாக்குங்கள். மீட்ட வி.எம்.மை அலுவலக நெட்வொர்க்கில் விட்டால் ஐ.பி. மோதும், அதைவிட மோசம், பில்லிங் சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) விழித்துக்கொண்டு பழைய பாக்கிக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பும்.

வரிசை முக்கியம்: ஃபயர்வால் அமைப்பு, டி.என்.எஸ். (பெயருக்குரிய ஐ.பி. எண்ணைச் சொல்வது), ஆக்டிவ் டைரக்டரி, டேட்டாபேஸ், கடைசியில் அப்ளிகேஷன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்கள்) எல்லாம் போயின. மின்வெட்டால் அணைந்திருந்த கானா நாட்டுச் சர்வர் ஒன்றுதான் மிஞ்சியது. உங்கள் பேக்கப் சர்வரை ஹோஸ்டில் பெயர் போட்டுச் சேர்த்திருந்தால் இங்கேதான் மாட்டுவீர்கள்: அந்தப் பெயரின் ஐ.பி. எண்ணைச் சொல்ல டி.என்.எஸ். வேண்டும், டி.என்.எஸ். சர்வரோ மீட்க வேண்டிய வி.எம்.முக்குள் இருக்கிறது. ஐ.பி. எண்ணாகவே போடுங்கள். பாஸ்வேர்டு மேனேஜரும் அதே ஹோஸ்டில் வி.எம்.மாக ஓடினால் அதற்கும் இதே கதி.

எழுந்த மெஷினில் லாகின் திரை வந்ததோடு நிறுத்தாதீர்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை உட்காரவைத்து, கடைசி இன்வாய்ஸ் எண் என்ன என்று படிக்கச் சொல்லுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அந்த இன்வாய்ஸின் தேதி மூன்றையும் பீரோவில் வைத்த தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முடிந்ததும் ஒத்திகை வி.எம்.களை அழிக்க வேண்டும். அழிக்கும் முன் வி.எம். எண்ணை இரண்டு முறை பாருங்கள், அசலும் நகலும் பட்டியலில் ஒரே பெயரில்தான் நிற்கும்.