லெஸ்வோஸ் தீவுக்குப் பறவை பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவை பார்க்கும் பயணமும் பறவையைப் படமெடுக்கும் பயணமும் ஒன்றல்ல என்பதைப் பணம் கட்டிய பிறகே பலர் அறிகிறார்கள். கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் வழிகாட்டிகளோடு வரும் குழுக்களில் இந்த இரு வகையும் உண்டு. முதல் வகைக் குழு ஒரு நாளில் ஆறேழு இடங்களுக்குப் போகும். பறவையை அடையாளம் கண்டு, எல்லோரும் ஸ்கோப் எனும் தொலைநோக்கியில் ஒரு முறை பார்த்து முடித்ததும் வண்டி கிளம்பிவிடும். படமெடுப்பவருக்கோ ஒரே ஓடைக்கரையில் மூன்று மணி நேரம் வேண்டும். 500 மி.மீ. லென்ஸோடு முதல் வகைக் குழுவில் சேர்ந்தவர் வாரம் முழுவதும் வழிகாட்டியோடு முரண்பட்டுக்கொண்டே இருப்பார். அவரால் மற்றவர்களின் காலைப்பொழுதும் கெடும். ஆகவே பதிவு செய்யும்முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: ஒரு நாளில் எத்தனை இடங்கள், ஒரு வண்டியில் எத்தனை பேர், சன்னலோர இருக்கை எல்லோருக்கும் கிடைக்குமா. மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த தவறு தேதியில் நேர்கிறது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் மத்தியதரைக் கடலைத் தாண்டி வடக்கே போகும் வழியில், துருக்கிக் கரையை ஒட்டிய இந்தத் தீவில் இறங்கி இளைப்பாறுகின்றன. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை வலசையின் உச்சம் என்பது சரிதான். ஆனால் அந்த ஒரு மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாம்பல் நிறச் சிறு குருவியான சினேரியஸ் பண்டிங் ஏப்ரல் நடுவில் வந்து மேற்குப் பகுதியின் பாறைச் சரிவுகளில் பாடத் தொடங்கிவிடும். கருந்தலைப் பண்டிங்கோ ஏப்ரல் கடைசியில்தான் தலைகாட்டும், ஏனென்றால் அது ஆப்பிரிக்காவிலிருந்து அல்ல, இந்தியாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மேற்கு நோக்கிப் பறந்து வருகிறது. ஆலிவ் மரத் தோப்புகளில் வாழும் சிறு பறவையான ஆலிவ் மர வார்ப்ளரும், வாலைத் தூக்கி விசிறும் செம்பழுப்புப் புதர் ராபினும் மே மாதத்தில் வருபவருக்கே நம்பிக்கையோடு கிடைப்பவை. நம் ஊர்ச் சோளக்காடுகளில் கூட்டமாக இறங்கும் சோளப்பட்சிகூடச் சில ஆண்டுகளில் மே இறுதியில் இங்கே வந்து இறங்கும். எந்தப் பறவை வேண்டும் என்று முடிவுசெய்த பிறகு தேதியைக் குறிப்பதே முறை. விமானச் சீட்டு மலிவாக இருக்கும் வாரத்தை முதலில் எடுத்துவிட்டுப் பறவையை அதற்குள் அடைக்கப் பார்ப்பது தலைகீழான வேலை.

தீவு சிறியது என்ற எண்ணமும் தவறானது. சுமார் 1,630 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள லெஸ்வோஸ், கிரேக்கத் தீவுகளில் மூன்றாவது பெரியது; உள்ளே புகுந்து வரும் கலோனி வளைகுடா அதை ஏறத்தாழ இரண்டாகப் பிளக்கிறது. மிதிலினி நகரில் தங்கிக்கொண்டு நாள்தோறும் கலோனிக்கு வந்துபோவது, காலையின் பொன்னான நேரத்தை மலைச்சாலை வளைவுகளில் இழப்பதாகும். ஸ்காலா கலோனிஸ் என்ற கடலோர ஊரில் தங்கினால் உப்பளமும் சிக்னியாஸ் ஆறும் மெட்டோகி ஏரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மாலையில் வளைகுடாவின் மத்தி மீனும் தட்டுக்கு வரும், அது வேறு ஆதாயம். மேற்கு முனையில் உள்ள சிக்ரிக்கும் இப்சிலு மடாலயத்துக்கும் தனியாக ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அவற்றை மற்ற இடங்களோடு சேர்த்து ஒரே நாளில் அடுக்குபவர், எங்கும் போய் எதையும் பாராமல் திரும்புவார்.

மழை பெய்தால் அறையில் படுத்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. தெற்கிலிருந்து காற்று வீசி வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் வலசைப் பறவைகள் தீவை உயரத்திலேயே கடந்து போய்விடும். வடக்குக் காற்று எதிர்த்தாலோ மழை மறித்தாலோ, களைத்த பறவைகள் கண்ணில் படும் முதல் புதரில் இறங்கும். மழை விட்ட காலையில் ஓர் அத்தி மரத்திலேயே நான்கைந்து வகைப் பூச்சிபிடிப்பான்களும் வார்ப்ளர்களும் இருக்கக்கூடும். அவை பட்டினியோடு இரை தேடுபவை, நம்மைக் கண்டு ஓடும் தெம்பற்றவை. அதனால் அருகில் போக முடிகிறது என்பதே அருகில் போகாமல் இருப்பதற்கும் காரணம்.

இனி உப்பளம். பூநாரைகளும் பவளக்கால் உள்ளான்களும், மேல்நோக்கி வளைந்த அலகுடைய அவோசெட்களும் நிறைந்த கலோனி உப்பளத்தில் படங்கள் பாழாவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா அல்ல, நிற்கும் பக்கம். பாத்திகளின் மேற்கு ஓரத்தில் நின்று காலையில் கிழக்கே பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்கும், பறவைகள் எல்லாம் கரிய நிழலாகத் தெரியும். அதே இடம் மாலையில் அருமையாக அமையும். அடுத்தது வெளிச்சக் கணக்கு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். வெண்ணிற உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கும் பறவையை அது இருட்டாக்கிவிடும், ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, கூட்ட வேண்டும். கருத்த நீரின் நடுவில் நிற்கும் வெண்கொக்குக்கு இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகின் வரிகள் வெளுத்து மறைந்துவிடும். வெயில் ஏறிய பின் உப்புத் தரையிலிருந்து கானல் எழும். தொலைவில் நிற்கும் பறவை அலையாடத் தொடங்கினால், எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் கூர்மை வராது. அந்த நேரத்தை மலையடிவாரப் பைன் காட்டுக்கு ஒதுக்குவது நல்லது.

சன்னலோர இருக்கை பற்றிச் சொல்லியிருந்தேன். சிக்னியாஸ் ஆற்றின் கரையில் உள்ள மண்பாதைகளில் கார்தான் மறைவிடம். மனித உருவத்தைக் கண்டால் நாணலுக்குள் நழுவும் சிறு குருகு, அசையாமல் நிற்கும் வண்டியைப் பொருட்படுத்தாமல் கரையோரம் மீன் பிடிக்கும். எஞ்சினை அணைத்து, சன்னல் விளிம்பில் மணல் மூட்டை போன்ற சிறு பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் முக்காலி தேவையில்லை. பையைக் காலியாகவே எடுத்துச் சென்று அங்குள்ள கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பறவையைக் கண்டதும் கதவைத் திறந்து இறங்கும் ஒருவர் போதும், அவருக்கு மட்டுமல்ல, பின்னால் வரிசையாக நிற்கும் ஐந்து வண்டிகளுக்கும் காலை முடிந்துவிடும். அந்தப் பாதைகள் உழவர்களுடையவை. டிராக்டர் வரும்போது ஒதுங்க இடம் விடாமல் நிறுத்துவதைப் பற்றி அங்குள்ளவர்கள் ஆண்டுதோறும் மனம் வெதும்புவது நியாயமே. வாடகைக் கார் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஏப்ரலில் ஆற்றின் தாழ்வான கடவுகளில் தண்ணீர் ஓடும், வண்டியின் அடிப்பகுதிக்கும் டயருக்கும் வழக்கமான காப்பீடு பொருந்தாமல் போகலாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் கனமான தவறு கூட்டருகே நடப்பது. கிரேக்க நாட்டில் லெஸ்வோஸில் மட்டுமே இருக்கும் குரூப்பர் நட்ஹாட்ச், கருந்தொப்பியும் மார்பில் செம்பழுப்புப் பட்டையும் கொண்ட சிறு பறவை. பட்டுப்போன பைன் மரத்தின் மொட்டை அடிக்கட்டையில், சில நேரம் நம் தலை உயரத்திலேயே, பொந்து குடைந்து கூடு வைக்கும். அக்லடேரி பைன் காட்டில் அப்படி ஒரு கூடு தெரியவந்தால் அதைச் சுற்றி அரைவட்டமாக முக்காலிகள் முளைத்துவிடுகின்றன. பறவை நம்மைச் சகித்துக்கொள்கிறதா என்பதை அதன் அலகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரையோடு வந்து நேரே பொந்துக்குள் நுழைந்தால் கவலையில்லை. அலகில் புழுவை வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் தாவி, குரல் கொடுத்து, உள்ளே போகாமல் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் நாம்தான்; உள்ளே குஞ்சுகள் காத்திருக்கின்றன. உடனே பின்வாங்க வேண்டும், ‘இன்னும் ஒரே ஒரு படம்’ என்று நிற்கக் கூடாது. உப்பளத்தில் பவளக்கால் உள்ளான்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினாலும் பொருள் இதுதான்: தரையில் திறந்து கிடக்கும் முட்டைகள் வெயிலுக்கும் கடற்காக்கைகளுக்கும் விடப்பட்டிருக்கின்றன.

கைப்பேசியில் பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டு ஆண் பறவையை வெளியே இழுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது சண்டைக்கு வருகிறது. காலை முழுவதும் பத்துக் குழுக்கள் இதையே செய்தால் அது எப்போது இரை தேடும்? 1979இல் முதலில் ஏற்கப்பட்ட, ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் உத்தரவு, இனப்பெருக்கக் காலத்தில் வேண்டுமென்றே பறவைகளைத் தொந்தரவு செய்வதைத் தடைசெய்கிறது. வழிகாட்டியே பாட்டை ஒலிக்கவிட்டாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பல வழிகாட்டிகள் விருந்தினரின் வற்புறுத்தலால்தான் அதைச் செய்கிறார்கள்.

லென்ஸை எந்தத் திசையில் நீட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். துருக்கியை எதிர்நோக்கிய எல்லைத் தீவு என்பதால் லெஸ்வோஸில் இராணுவ முகாம்கள் பல. வேலியில் படத்தடை அடையாளம் இருக்கும் இடத்தில், முள்கம்பியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அரிய பறவையாக இருந்தாலும் படமெடுக்கக் கூடாது. 2001ஆம் ஆண்டு நவம்பரில், விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரிட்டிஷ், டச்சுக்காரர்கள் பதினான்கு பேர் தெற்குக் கிரேக்கத்தின் கலமாட்டாவில் உளவு பார்த்ததாகக் கைதாகிச் சில வாரங்கள் சிறையில் இருந்தார்கள். மேல்முறையீட்டில் அவர்கள் விடுவிக்கப்பட மறு ஆண்டு ஆயிற்று.

வீடு திரும்பிய பின்னும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. இன்றைய கேமராக்களும் கைப்பேசிகளும் படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதித்துவிடுகின்றன. கூட்டின் படத்தை அன்றிரவே அப்படியே வெளியிட்டால், மறுநாள் காலையில் அந்த அடிக்கட்டையைத் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது. இடக் குறிப்பை நீக்கி, ‘லெஸ்வோஸ்’ என்று மட்டும் எழுதி, குஞ்சுகள் பறந்து போகும் ஜூன் வரை கூட்டுப் படங்களைக் கணினியிலேயே வைத்திருங்கள்.