சூமாஷ் நிலத்தில் வேலை செய்ய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா வட்டாரம் சூமாஷ் என்னும் பழங்குடி மக்களின் பூர்வீக நிலம். இங்கே ஓடைக்கரைகளைச் சீரமைக்கப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். தொப்பி, கையுறை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

திட்டம் முடிந்தபின் ஆலோசனை கேட்பது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். களையெடுக்கும் குழு ஒன்று ஓர் ஓடையோரத்தைச் சுத்தம் செய்தது. அங்கே ஜங்கஸ் என்னும் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்தது. சூமாஷ் கூடைக் கலைஞர்கள் முற்றிய தண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பார்கள். அடித்தண்டின் செம்பழுப்பு கூடையில் தனி அழகாக விழும். குழு அத்தனையையும் இயந்திரம் விட்டு அரைத்துத் தள்ளியது. தண்டு எடுக்க வந்த மூதாட்டி ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார், கீழே போட்டார். சாண் நீளத் துண்டில் எதை முடைவது?

"கூட்டத்துக்கு அழைத்தோமே" என்றார் பொறுப்பாளர். வரைபடம் அச்சாகி, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு போன அழைப்பு அது.

இது புதிய வியாதி அல்ல. சூமாஷ் மக்கள் புல்வெளிகளைப் பக்குவமாக எரித்து விதைகளும் புதுத்தளிரும் பெருகச் செய்தவர்கள். 1793-இல் ஸ்பானிய ஆளுநர் அர்ரியாகா அந்த எரிப்பைத் தடைசெய்தார். மேய்ச்சல் நிலம்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

முதல் வரைவு எழுதும் முன்பே போய்க் கேளுங்கள். எந்தச் செடி யாருக்கு வேண்டும், எந்தப் பருவத்தில் எடுப்பார்கள், களைக்கொல்லியை எங்கே தெளிக்கவே கூடாது? தண்டைப் பல்லில் கடித்துப் பிடித்துப் பிளக்கிறார்கள். அந்த மருந்து நேராக வாய்க்குள் போகும். அவர்கள் தரும் நேரத்துக்கு ஊதியமும் திட்டச் செலவில் இருக்கட்டும்.

ஒரு குழுவிடம் மட்டும் கேட்பது

சூமாஷ் குழுக்களில் அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது சாண்டா இனேஸ் குழு மட்டுமே. ஆனால் 2024-இல் அறிவிக்கப்பட்ட சூமாஷ் பாரம்பரியக் கடல் சரணாலயத்தை 2015-இல் முன்மொழிந்தது வடக்குச் சூமாஷ் பழங்குடி மன்றம். உங்கள் ஓடை யாருடைய பூர்வீகம் என்று விசாரியுங்கள்.

வெள்ளைச் சேஜ்

சூமாஷ் மக்கள் புனிதமாகக் கருதும் நறுமணச் செடி இது. பறிக்காதீர்கள்.

பாறை ஓவியங்கள்

தொடாதீர்கள், இடத்தையும் வெளியிடாதீர்கள்.

அழிந்துபோனவர்கள் என்று பேசுவது

சூமாஷ் மொழிகளில் ஒன்றான பார்பரேன்யோவைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரான மேரி யீ 1965-இல் மறைந்தார். அதோடு கதை முடியவில்லை. 2001-இல் சூமாஷ் மக்கள் டொமோல் என்னும் பலகைப் படகில் துடுப்புப் போட்டு, லிமு என்று அவர்கள் அழைக்கும் சாண்டா குரூஸ் தீவுக்குக் கடல் கடந்தார்கள். 2008-இல் சமாலா என்னும் இன்னொரு சூமாஷ் மொழிக்கு அகராதி வந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்து வந்து விளக்கும்போது, முன்வரிசையில் ஒரு சூமாஷ் குழந்தை நிற்கக்கூடும் என்று எண்ணிப் பேசுங்கள்.